நாற்பத்தெட்டு மணி நேர நோயல்

நோயல் ட்ரெம்லெட் குனிந்து, பக்கத்து வண்டியின் பின்சக்கரத்தில் சாக்கட்டியால் ஒரு கோடு இழுக்கிறார். காலை ஆறரை மணி. வண்டிக்குள் இருப்பவர்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, அடுத்த வண்டிக்குப் போகிறார். அங்கேயும் ஒரு கோடு. சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டு வெளியே வருகிறது. அதில் வண்டி எண், கிழமை, நேரம். காலில் கம்பளி உறை, அதற்கு மேல் ரப்பர் செருப்பு. யாராபின் ஊரின் ஆற்றங்கரை மைதானத்தில் கார்களுக்குப் பின்னால் பூட்டி இழுத்துவரும் வீட்டு வண்டிகள், அதாவது கேரவன்கள், முப்பது நின்றாலும், நோயல் தேநீர் குடிப்பதற்குள் அத்தனைக்கும் கோடு விழுந்துவிடும்.

இந்த வேலையை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. மெல்பர்னின் ஒரு புறநகரில் முப்பத்தோரு வருடம் வண்டி நிறுத்தங்களைக் கண்காணிக்கும் கவுன்சில் ஊழியராக இருந்தவர். ஒரு மணி நேரம் நிறுத்த வேண்டிய இடத்தில் ஒரு மணி ஐந்து நிமிடம் நிறுத்தியவர்களின் கண்ணாடியில் அபராதச் சீட்டைச் செருகியே ஓய்வு வயது வரை வந்து சேர்ந்தார். பிரசவ வலியில் மனைவியைக் கூட்டிவந்த ஒருவனுக்குக்கூடச் சீட்டுக் கொடுத்ததை இன்றும் பெருமையாகச் சொல்வார். "வலி அவளுக்குத்தானே? அவன் ஒழுங்கா நிறுத்தியிருக்கலாமில்ல?" என்பார்.

மைதானத்தில் தங்குவது இலவசம். தண்ணீர்க் குழாய் ஒன்று, குப்பைத் தொட்டி இரண்டு, வேறெதுவும் கிடையாது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் தங்கக் கூடாது என்று கவுன்சில் பலகை நட்டிருக்கிறது. சக்கரத்தில் போட்ட கோடு இடம் மாறாமல் இருந்தால் வண்டி நகரவே இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் நிற்கிறவர்களின் பட்டியலை, வெள்ளிக்கிழமைதோறும் வரும் கவுன்சில் அதிகாரியிடம் நோயல் கையோடு கொடுத்துவிடுவார். இதில் வேடிக்கை, அவரே அங்கே ஏழாவது வாரமாக இருக்கிறார்.

அது எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "சட்டம் என்ன சொல்லுது? வண்டி நாப்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல நிக்கக் கூடாது. என் வண்டி எங்கப்பா நிக்குது?" ஒரு நாள் விட்டு ஒரு நாள், காலை ஒன்பது மணிக்குக் கேரவனை ஜீப்பில் பூட்டி, மைதானத்தின் வாசலைத் தாண்டி, நெடுஞ்சாலையில் பெட்ரோல் பங்க் வரைக்கும் போய், அதை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்து அதே இடத்தில் நிறுத்துவார். "சக்கரம் சுத்திருச்சு, கெடிகாரம் புதுசா ஆரம்பிச்சிருச்சு." இந்தத் தந்திரத்தைச் செய்த எத்தனை பேரை அவர் தன் காலத்தில் துரத்தித் துரத்திப் பிடித்திருப்பார் என்று நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் ரோவீனா. சாலைக்கு இந்தப் பக்கம், காசு கட்டித் தங்குகிற கேரவன் பார்க்கில் இருக்கிறவள். முப்பத்து நான்கு வருடம் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்தேன். கணவர் போன பிறகும் வண்டியை விற்க மனம் வரவில்லை. தெற்கே குளிர் தொடங்கியதும் கிளம்பி, எல்லாக் கிழடுகளோடும் சேர்ந்து வெயிலைத் தேடி வடக்கே வந்துவிடுவேன். எங்கள் பார்க்கும் ஒன்றும் சொர்க்கமில்லை. அதை நடத்துகிற டெஸ்லி, குளியலறைச் சுவரில் பதினோரு அறிவிப்புகள் ஒட்டியிருக்கிறாள். தலைமுடியைச் சாக்கடையில் விடாதே என்பது மட்டும் மூன்று தடவை. பக்கத்து வண்டிக்காரர் தும்மினால் நான் கைக்குட்டை நீட்டலாம், அவ்வளவு நெருக்கம். ஆனால் கம்பத்தில் மின்சாரம் இருக்கிறது, குழாயில் வெந்நீர் இருக்கிறது, படுத்தால் தூக்கம் வருகிறது.

நோயலுக்கு நான் "மகாராணி". மைதானத்தில் சாயங்காலம் நாலரைக்கு ஆளாளுக்கு நாற்காலியும் குடிக்க ஏதாவதும் எடுத்துக்கொண்டு வட்டமாக உட்காருவது எங்கள் கூட்டத்தின் வழக்கம். சாலையைக் கடந்து நானும் போவேன். "வாங்க மகாராணி, அரண்மனையில வெந்நீர் வந்துச்சா?" என்று ஆரம்பிப்பார். எல்லாரும் பிஸ்கட்டோ சீஸோ ஒரு தட்டில் கொண்டுவருவார்கள். நோயல் கொண்டுவருவது ஒரு பல்குச்சி. அதை வைத்துக்கொண்டு வட்டத்தில் எந்தத் தட்டையும் எட்டிவிடுவார்.

"தூங்கறதுக்குக் காசு குடுக்கறவனை நான் மனுஷனாவே மதிக்கறதில்ல. கண்ணை மூடினா எல்லா இடமும் ஒரே இருட்டுத்தானே?" என்பார், சீஸ் துண்டைக் குத்திக்கொண்டே. "எட்டு வருஷம் ஆச்சு. ஒரு ராத்திரி, ஒரே ஒரு ராத்திரி, காசு குடுத்துப் படுத்ததில்ல. இந்த நாட்டுல யாரு ரெக்கார்டு இப்படி இருக்கு, சொல்லுங்க பாப்போம்."

இதைச் சொல்கிறவர் ஏழையா என்றால், அதுவும் இல்லை. ஜீப்பும் கேரவனும் சேர்ந்தால் இரண்டு லட்சம் டாலர். மெல்பர்னில் வீடு வேறு, வாடகைக்கு விட்டிருக்கிறார். காசு கட்டாமல் படுக்கிற இந்த மனிதர் திங்கட்கிழமை தவறாமல் எங்கள் பார்க்குக்கு வந்து குளிக்கிறார் என்பது வட்டத்துக்குத் தெரியாது. கையில் மளிகைக் கடைப் பை. அதில் துண்டும் சோப்பும். யாராவது கதவைத் திறக்கும்வரை காத்திருந்து, "கொஞ்சம் பிடிச்சுக்கங்க, கையில சாமான் இருக்கு" என்று உள்ளே நுழைந்துவிடுவார். டெஸ்லியிடம் போட்டுக் கொடுத்தேன். அவள் சிரித்தாள். "எனக்குத் தெரியாதா கண்ணு? அந்தாளு குளிக்காம இருந்தா காத்து எந்தப் பக்கம் அடிக்கும்? நம்ம பக்கந்தானே. விட்டுத் தொலை."

அவர் மனைவி கோரல் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. நானே கூப்பிட்டிருக்கிறேன். "வேணாம் ரோவீனா. நாங்க காசு கட்டலையே" என்பாள். வண்டிக்குப் பின்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டு, ஒரு வாளித் தண்ணீரில் குளித்துக்கொள்வாள்.

மைதானத்தில் நிழல் என்று சொல்லும்படி இருப்பது ஒரே ஒரு அத்தி மரம்தான். இந்த வருடம் நோயல் வந்தபோது அதன் அடியில் டூலி இருந்தான். பழைய ஸ்டேஷன் வேகன் காரின் பின்பக்கத்தில் மெத்தை போட்டுப் படுத்துக்கொள்கிற ஆள். அவனுக்கு ஊர் சுற்ற வந்த கேரவனும் இல்லை, எங்கோ வாடகை வந்துகொண்டிருக்கிற வீடும் இல்லை. அந்தக் கார்தான் வீடு. இலவசமாக ஒரு மைதானம் இருக்க வேண்டியது அவனைப் போன்றவனுக்காகத்தான் என்று நான் நினைக்கிறேன். நோயல் அவன் சக்கரத்தில் கோடு போட்டார். மூன்றாம் நாள் கோடு அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை பட்டியலில் முதல் பெயர் டூலிதான். அவனிடம் பெட்ரோல் இருந்ததோ இல்லையோ, சாயங்காலம் காரைக் கிளப்பிக்கொண்டு போனான். மறுநாள் காலை மரத்தடியில் ட்ரெம்லெட் தம்பதியின் கேரவன் நின்றது.

"விதின்னா எல்லாருக்கும் விதிதான்" என்றார் நோயல் அன்று சாயங்காலம், யாருடைய தட்டிலிருந்தோ ஒரு ஆலிவ் காயைக் குத்தியபடி. நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அன்று சீக்கிரமே திரும்பிவிட்டேன்.

இப்படி ஆளைத் துரத்திப் பிடித்த நிழலால் என்ன ஆயிற்று? கேரவனின் கூரையில் ஆறு சோலார் தகடுகள். இலவசமாகத் தங்குகிறவனுக்கு வெயில்தான் மின்சாரம். மரத்தடியில் வெயில் ஏது? அத்தனை தகடும் அத்தி இலைக்குக் கீழே சும்மா கிடக்கின்றன. அதனால் ஒரு மடக்குத் தகடு வாங்கி, நீள வயரில் கட்டி, மரத்துக்கு வெளியே வெயிலில் வைத்திருக்கிறார். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போய் அதைச் சூரியனுக்கு நேராகத் திருப்புவது பகல் முழுக்க அவருக்கு வேலை. வண்டியை இருபதடி நகர்த்தி வெயிலில் நிறுத்தினால் இந்தத் தொல்லையே இல்லை என்று முட்டாள்கூடச் சொல்வான். ஆனால் நல்ல இடம் என்பது மற்றவர்கள் ஆசைப்படுகிற இடம். வெயிலுக்கு யார் ஆசைப்படுகிறார்கள்?

அந்த ஒற்றைத் தகடு தருகிற மின்சாரத்தில் சாப்பாட்டு ஃப்ரிட்ஜ், ஜீப்பின் பின்னால் பீருக்கென்றே ஒரு ஃப்ரிட்ஜ், சாயங்காலம் டிவி எல்லாம் ஓட வேண்டும். எல்லாம் ஓடியது போக மிச்சமிருப்பது கோரலுக்கு.

கோரலுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் கொடுத்திருக்கிறார்கள். அது ராத்திரி முழுக்க ஓடினால்தான் நெஞ்சுக்கு நல்லது, ஒரு ராத்திரிகூட விடக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். மரத்தடிக்கு வந்ததிலிருந்து அது விடியும்வரை ஓடியதே இல்லை. பாட்டரி பாதி ராத்திரியிலேயே உயிரை விட்டுவிடும். அதற்குப் பிறகு கோரல் தூங்குவது தூக்கமே இல்லை. காலையில் தலைவலி. பகலெல்லாம் நாற்காலியில் தலை தொங்கித் தொங்கி விழும். ஒருநாள் என்னோடு பேசிக்கொண்டிருந்தவள், பாதி வாக்கியத்தில், கையில் பிஸ்கட்டோடு தூங்கிப் போனாள்.

மறுநாள் நேராக நோயலிடம் போனேன். தகட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"நோயல், ராத்திரி மெஷின் நின்னுடுதாமே?"

"அதுக்குத்தானே காலையிலேர்ந்து வெயில்ல காயறேன்?"

"மெஷின் இல்லன்னா அவளுக்கு மூச்சு நிக்குது. திரும்பி வருது. ஒரு நாளைக்குத் திரும்பி வராது. நான் வார்டுல பாத்திருக்கேன்."

"நாப்பத்தாறு வருஷமாப் பக்கத்துல படுத்திருக்கேன் மகாராணி. அவ மூச்சு ஒரு நாளும் நின்னதில்ல. கொறட்டை விட்டு என் தூக்கத்தைத்தான் நிறுத்தியிருக்கா."

"அந்த பீர் ஃப்ரிட்ஜையாவது அணைச்சுத் தொலையேன்."

"சூடான பீரை மனுஷன் குடிப்பானா?"

"சரி, வண்டியை வெயில்ல நிறுத்து."

"மரத்தடிய விட்டுட்டா?" என்றார். உண்மையிலேயே அவருக்குப் புரியவில்லை.

"அப்போ எங்க பக்கம் வந்து நாலு ராத்திரி பவர் இருக்கிற இடத்துல படுங்க. அவ தூங்கட்டும்."

நோயல் நிமிர்ந்து, தன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். "எட்டு வருஷம். இப்ப வந்து கெடுத்துக்கவா?"

அன்று எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தகட்டைக் காலால் எட்டி உதைத்திருப்பேன். எழுபது வயதில் இடுப்பு எலும்பு முறிந்தால் யார் பார்ப்பார்கள் என்று வந்துவிட்டேன்.

இரண்டு நாளுக்கொரு தடவை அவர் பெட்ரோல் பங்கைச் சுற்றப் போகிறாரே, அப்போது மரத்தடியை யார் பார்த்துக்கொள்வது என்று நீங்கள் கேட்கலாம். நாற்காலி இரண்டையும் பாயையும் போட்டுவிட்டுப் போனால் அந்த இடத்தில் ஆள் இருப்பதாக அர்த்தம். எங்கள் கூட்டத்தில் அதை யாரும் தொட மாட்டார்கள். ஒரு தடவை யாரோ புதிதாக வந்தவன் நாற்காலியை ஒதுக்கிவைத்துவிட்டு வண்டியை நுழைக்கப் பார்த்தானாம். அதிலிருந்து நோயல் நாற்காலியைக் காலியாக விட்டுப் போவதில்லை. அதில் கோரலை உட்கார வைத்துவிட்டுப் போகிறார்.

போன வியாழக்கிழமை, பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும், கோரலுக்காகச் செய்த எலுமிச்சை கேக்கில் நாலு துண்டை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தேன். மரத்தடி வெறுமையாக இருந்தது. பாய், இரண்டு நாற்காலி. ஒன்றில் கோரல். ஒன்பது மணிக்கு அவள் மேல் இருந்த நிழல் நகர்ந்து போய், முழு வெயிலும் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தொப்பி கீழே கிடந்தது. வாய் திறந்திருந்தது. ஒரு கை நாற்காலிக்கு வெளியே தொங்கியது. அப்படித் தொங்குகிற கைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேக் எங்கே விழுந்தது என்று தெரியாது, ஓடினேன்.

நாடி இருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். ரொம்ப நேரம் கழித்து ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள்.

"வண்டி எங்க?"

"சுத்தப் போயிருக்கு. இன்னும் வரல. ரெண்டு மணி நேரமாகப் போகுது."

தண்ணீர் கொடுத்தேன். மெதுவாகக் குடித்தாள். முகம் கொதித்துச் சிவந்து கிடந்தது.

"நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டியா?"

"ஆமா."

"காலையில கண்ணு முழிக்கறப்ப நானும் அப்படித்தான் நெனச்சுக்கறேன். சரி, இன்னைக்கும் இல்லன்னு" என்றாள். குரலில் அழுகை ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேரவன் வந்து சேர்ந்தபோது பதினொன்றே கால். பெட்ரோல் பங்கில் புதிதாக வண்டி வாங்கிய ஒரு ஜோடியைப் பிடித்துவைத்து, காசு கட்டாமல் எட்டு வருடம் வாழ்ந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். ஜீப்பின் கண்ணாடி இறங்கியது. மனைவியின் முகத்தைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"இடம் பத்திரமா இருக்கா?" என்றார்.

வண்டி நின்றதும் கோரல் கேரவனின் கதவைத் திறந்து உள்ளே ஏறினாள். மெஷினை அதன் பையில் போட்டு, கைப்பையோடு சேர்த்துத் தோளில் மாட்டி, தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"எங்க போற?"

"தூங்க."

"பட்டப்பகல்லயா? எங்க?"

அவள் சாலைக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினாள். "சனிக்கிழமை திருப்பியும் சுத்தணுமே, நாற்காலியை யாரு பாத்துக்கறது?" என்றார் நோயல்.

"நாற்காலி தன்னையே பாத்துக்கும், நோயல்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மெஷின் பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

வேலியோரத்தில் இருந்த மூன்றாம் எண் மர அறை காலியாக இருந்தது. "எத்தனை ராத்திரி கண்ணு?" என்று டெஸ்லி கேட்டாள். "தூங்கி எழுந்து சொல்றேன்" என்றாள் கோரல், தன் கைப்பையிலிருந்து தன் வங்கி அட்டையை எடுத்து நீட்டியபடி.

பகல் பன்னிரண்டுக்குப் படுத்தாள். சாயங்காலம் நான் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே மெஷின் சீராக ஓடுகிற சத்தம் மரப்பலகை வழியே கேட்டுக்கொண்டிருந்தது. நடுவில் நிற்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நிற்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. டெஸ்லி இரண்டு தடவை வந்து, மெல்ல எட்டிப் பார்த்துவிட்டு, விரலை உதட்டில் வைத்துக்கொண்டு போனாள். கோரல் எழுந்தபோது மறுநாள் காலை ஒன்பதரை.

இறங்கி வந்து, காலையில் மறுபடி வாசலில் வந்து உட்கார்ந்திருந்த என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கன்னத்தில் மெஷின் பட்டை அழுத்திய தடம். ஏழு வாரத்தில் முதல் முறையாக அவள் கண் முழுதாகத் திறந்திருந்ததைப் பார்த்தேன். ஒரு கோப்பைத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அப்போதுதான் கம்பி வேலிக்கு வெளியே டயர் கரகரக்கும் சத்தம் கேட்டது.

நோயல் மரத்தடியை விட்டுவிட்டு வந்திருந்தார். சாலையோரத்தில், வேலியை ஒட்டி, கேரவனை நிறுத்திவிட்டு இறங்கினார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், இந்த மனிதரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

"எவ்வளவு வாங்கினா?" என்றார் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

கோரல் தேநீரை ஊதிக் குடித்தாள்.

"ராத்திரி யோசிச்சுப் பாத்தேன்" என்றார். "இது ரெக்கார்டுல சேராது. நீதானே காசு கட்டின? வண்டி கட்டலையே. வண்டி வெளியிலதான் இருந்துச்சு. எட்டு வருஷம் எட்டு வருஷந்தான்." பெரிய பாரம் இறங்கியவராகச் சிரித்தார். "நல்லாத் தூங்கினியா" என்று கேட்பார் என்று நான் இன்னும் காத்துக்கொண்டிருந்தேன்.

"சரி, டீத்தூள் எங்க வச்சிருக்க? தேடித் தேடிப் பாத்தாச்சு."

"சிங்குக்கு மேல, இடது பக்கம்" என்றாள் கோரல்.

அவர் தலையாட்டிவிட்டு வண்டியின் பின்னால் போனார். திரும்பி வரும்போது கையில் பதினைந்து மீட்டர் மின்சார வயர். ஒரு முனை ஏற்கெனவே கேரவனின் பக்கவாட்டில் செருகியிருந்தது. மறு முனையோடு தரையில் முட்டி போட்டார், பிறகு குப்புறப் படுத்தார். வேலியின் அடியில் நாய் தோண்டிய பள்ளம் ஒன்று உண்டு. அதன் வழியாக ஒரு குச்சியால் அந்தப் பிளக்கை எங்கள் பக்கம் தள்ளினார்.

"உன் ரூம்ல பிளக் பாயிண்ட் இருக்குமில்ல? சும்மா செருகிவிடு கோரல். ஒரு நாள் கரண்டுக்குத்தான் காசு கட்டியாச்சே, வீணாப் போகுதே. பாட்டரி கொஞ்சம் ஏறட்டும்."

கோரல் கோப்பையைக் கீழே வைத்தாள். வேலியோரம் போய்க் குனிந்து பிளக்கை எடுத்தாள். மண்ணை ஊதினாள். பிறகு வயரை உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் இடையே சுற்ற ஆரம்பித்தாள்.

"ஆங், இழு, இழு. இன்னும் வரும்" என்றார் நோயல், படுத்தபடியே வயரைத் தள்ளிவிட்டுக்கொண்டு.

அவள் இழுத்தாள். ஒரு சுற்று, இன்னொரு சுற்று, அவசரமே இல்லாமல்.

"போதும். போதும் கோரல். ஏய், போதும்னு சொல்றேன்ல!"

கேரவனின் பக்கத்தில் டக்கென்று ஒரு சத்தம். மறுமுனை பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்து, புழுதியில் இழுபட்டு, அவர் நீட்டிய விரல்களைத் தாண்டி வேலிக்கு அடியில் புகுந்து எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது. கோரல் கடைசிச் சுற்றையும் சுற்றி, முனையைச் சுருளுக்குள் ஒழுங்காகச் செருகி, அந்த வளையத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.